கொசுவைத் தின்னும் முண்டக்கண்ணி

ஏரியின் பயனைக் கணக்கிடும்போது, அது எத்தனை ஏக்கருக்குப் பாய்கிறது, ஆண்டுக்கு எத்தனை போகம் விளைகிறது, மீன் குத்தகை எவ்வளவுக்குப் போயிற்று என்னும் மூன்று கேள்விகளைக் கேட்பது நம் வழக்கம். இம்மூன்றிலும் அடங்காத பயன் ஒன்று உண்டு. சந்தைக்கு வாராமலும் தராசில் ஏறாமலும், கரையோரப் புல்லின் நிழலில் வாழும் சிறு மீன் ஒன்று அப்பயனை நல்கி வருகின்றது. பயிரிடுவோரின் வயலிலும் நெய்வோரின் தெருவிலும் கொசு பெருகாமல் தடுப்பதே அதன் தொண்டு. முண்டக்கண்ணி என்பது அதன் பெயர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் ஆலைகள் பெருகி, ஏரிக்கும் ஏரிக்கும் இடையே சாலைகளும் மதிற்சுவர்களும் எழுந்துள்ள இந்நாளில், இம்மீனின் வாழ்க்கையை அறிந்துகொள்வது விவசாயிகளுக்கும் நெசவாளர்களுக்கும் ஒருங்கே அவசியமாகின்றது.

உருவும் பெயரும்

முண்டக்கண்ணி இரண்டு அங்குல நீளம் வளர்ந்தாலே பெரிது. தலையின் மேற்புறம் தட்டையாகவும், வாய் மேல்நோக்கியும் அமைந்திருக்கும். உடலின் அளவை நோக்கக் கண்கள் பெரியவை; பெயரும் அக்கண்களைக் குறித்ததே. தலையின் உச்சியில் வெள்ளிப் பொட்டு வைத்தாற்போல ஒரு புள்ளி பளபளக்கும். கரைமேல் நின்று நீரை நோக்குவோருக்கு மீன் புலப்படுவதற்கு முன்னர் இப்பொட்டே புலப்படும். முதுகுத் துடுப்பு நடுமுதுகில் இராமல் வாலை அடுத்துப் பின்தள்ளி இருக்கும். பெண் மீனில் அத்துடுப்பின் அடியில் ஒரு கரும்புள்ளி காணலாம்.

இக்குடும்பத்து மீன் ஒன்றை முதன்முதலில் நூலில் ஏற்றியவர் பிரான்சிஸ் ஹாமில்டன். கங்கை மீன்களைப் பற்றி 1822-இல் அவர் வெளியிட்ட நூலில், வங்காளத்தில் வழங்கிய பெயரையே அம்மீனுக்குச் சூட்டினார். ‘பாஞ்சாக்ஸ்’ என்னும் அந்த வங்கப் பெயரே இன்றும் உலகெங்கும் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போரிடையே வழங்கி வருகின்றது. நம் பகுதியின் சிறு இனத்தைத் தனியே பிரித்து அறிந்தவர் ஓர் இந்திய அறிஞர். சென்னை மாகாண மீன்வள இலாகாவின் இயக்குநராகப் பின்னர் விளங்கிய பி. சுந்தரராஜ் அவர்கள், சென்னையின் நன்னீர் மீன்களைப் பற்றி 1916-இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஏட்டில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில்தான் இம்மீன் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அப்லோகைலஸ் பார்வஸ் என்பது அதன் இன்றைய விஞ்ஞானப் பெயர். ‘பார்வஸ்’ என்றால் இலத்தீன் மொழியில் ‘சிறியது’ என்று பொருள். தென்னிந்தியாவும் இலங்கையுமே இதன் தாயகம். எனவே, எங்கிருந்தோ கொணர்ந்து விட்ட மீன் அன்று. இம்மண்ணின் நீர்நிலைகளிலேயே தோன்றி நிலைத்த மீன்.

நீர்மட்டத்தில் நடக்கும் வேட்டை

கொசு நீரில் முட்டையிடுகின்றது. முட்டையிலிருந்து வரும் புழு நீரிலேயே வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, பின்னர் இறகு பெற்றுப் பறக்கின்றது. நம் நாட்டு வெப்பத்தில் இவ்வளவும் எட்டுப் பத்து நாட்களில் முடிந்துவிடும். நீரில் வாழ்ந்தாலும் கொசுப்புழு காற்றையே சுவாசிப்பது. அடிக்கடி நீர்மட்டத்திற்கு வந்தே தீரவேண்டும். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவின் புழு, வால்முனைக் குழலை நீர்மட்டத்தில் பதித்துத் தலைகீழாகத் தொங்கும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவின் புழு, நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்தவாறு கிடக்கும். எவ்வாறாயினும் மேல்மட்டமே அவற்றின் இடம்.

முண்டக்கண்ணியின் இடமும் அதுவே. கெண்டை வகைகள் நடுநீரிலும் அடிச்சேற்றிலும் இரை தேடுவன. விரால் தன் அளவுக்கேற்ற பெரிய இரையை நாடுவது. முண்டக்கண்ணியோ நீர்மட்டத்திற்கு ஒரு விரற்கடை கீழே அசையாது நின்று, மேல்நோக்கிய கண்ணால் பார்த்து, மேல்நோக்கிய வாயால் பற்றுகின்றது. தட்டையான தலை அம்மட்டத்தோடு படிந்து நிற்க உதவுகின்றது. பின்தள்ளிய துடுப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் முன்பாய உதவுகின்றது. ஓரடி ஆழமுள்ள வாய்க்காலிலும், நான்கு விரல் நீர் நிற்கும் நாற்றங்கால் ஓரத்திலும் பெரிய மீன்கள் நுழையமாட்டா. இது நுழையும். கொசு விரும்பி முட்டையிடுவதும் அத்தகைய ஆழமற்ற, புல் மண்டிய ஓரங்களிலேதான் என்பதை நினைவிற் கொண்டால் இச்சிறு மீனின் அருமை விளங்கும்.

நெல் வயலில் பெருகும் ஒருவகைக் க்யூலெக்ஸ் கொசு மூளைக்காய்ச்சலைப் பரப்புவது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்னும் அந்நோய் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது 1955-இல், நம் அண்டைப் பகுதியாகிய வேலூர்ப் பக்கத்தில். யானைக்கால் நோயை ஒழிக்கத் தேசியத் திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டில். இவ்விரு நோய்களும் நம் பகுதிக்குப் புதியவை அல்ல. குழித்தறியில் அமர்ந்து நெய்பவர் நாள் முழுதும் கால்களைக் குழிக்குள் வைத்திருக்கின்றார். இருளும் ஈரமும் உள்ள அக்குழி கொசு தங்குவதற்கு உகந்த இடம். காலால் மிதிகட்டையை மிதித்துப் பிழைப்பவருக்கு யானைக்கால் வருமானால் அது நோயோடு நில்லாது, பிழைப்பையே பறித்துவிடும். ஆகவே வயலில் மீன் இருக்கின்றதா, இல்லையா என்பது தறியில் இருப்பவரையும் தொடும் விஷயமாகும்.

கோடையில் எங்கே போகின்றது?

நம் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களின் வடகிழக்குப் பருவத்தில் பெய்கின்றது. மாசி, பங்குனியில் ஏரி சுருங்கும். சித்திரை, வைகாசியில் பல ஏரிகள் வெறும் தரையாகும். அப்படியானால் அடுத்த மழையில் இம்மீன் எங்கிருந்து வருகின்றது?

மீன் மழையோடு வானிலிருந்து விழுகின்றது என்று சொல்வாரும் உளர். உண்மை வேறு. ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் இம்மீனுக்கு உறவான சில இனங்கள் உள்ளன; அவற்றின் முட்டைகள் காய்ந்த சேற்றுக்குள் மாதக்கணக்காகக் கிடந்து, மழை பெய்ததும் பொரிக்கும். நம் முண்டக்கண்ணிக்கு அந்த வரம் இல்லை. இது நீர்ப்பாசியிலும் கரையோர வேரிலும் மெல்லிய இழையால் முட்டையை ஒட்டி வைக்கின்றது. அம்முட்டை ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பொரிக்கும். அதுவரையில் நீர் இருந்தாக வேண்டும். குஞ்சுக்கும் தாய்க்கும் ஆண்டு முழுவதும் நீர் வேண்டும்.

ஆகவே கோடையில் இம்மீன் ஒதுங்கி வாழும் இடங்கள் சிலவே. மதகடியில் உள்ள பள்ளம், கலங்கலுக்குக் கீழே வெள்ளம் அரித்த மடு, ஏரியின் நடுவே வண்டல் எடுத்த குழி, ஊர்த் தாங்கல், கோயில் குளம், நீர் வற்றாத பாசனக் கிணறு ஆகியவையே அதன் கோடைப் புகலிடங்கள். மழை இறங்கியதும், வரத்துக்கால் ஓடத் தொடங்கும். புதுவெள்ளத்தில் மீன் ஏறும் என்பது கிராமத்தில் அனைவரும் அறிந்ததே. புகலிடத்தில் எஞ்சிய சில நூறு மீன்கள் வரத்துக்கால் வழியே ஏரிக்கும், மதகின் வழியே வாய்க்காலுக்கும், வாய்க்காலின் வழியே வயலுக்கும் பரவுகின்றன. சம்பா நடவு முடிந்து வயலில் நீர் நிற்கும் வேளையில் அவையும் அங்கே வந்து சேர்கின்றன.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். ஒன்று, கோடையைக் கழிக்க ஒரு மடுவாவது வேண்டும். மற்றொன்று, மடுவிலிருந்து வயல்வரை வழி அறுபடாது இருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று கெட்டாலும், ஏரி நிரம்பித் ததும்பினும் மீன் வாராது.

அறுந்துவரும் ஏரிச் சங்கிலி

நம் முன்னோர் ஏரிகளைத் தனித்தனியே அமைக்கவில்லை. மேலேரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்நீர் கீழேரிக்கு வரத்தாகும்படி சங்கிலியாகப் பிணைத்தனர். ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் மிகுநீர் செம்பரம்பாக்கம் ஏரியை நோக்கிச் செல்லும். தெற்கே மணிமங்கலம் முதலிய ஏரிகளின் மிகுநீர் அடையாற்றைச் சேரும். இச்சங்கிலி நீருக்கு மாத்திரமன்றி மீனுக்கும் பாதையாய் இருந்தது.

1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் பெரிய கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது முதல், இப்பகுதியின் முகம் மாறலாயிற்று. சிப்காட் தொழிற்பேட்டைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம், பிள்ளைப்பாக்கம் எனப் பரவின. ஆயிரக்கணக்கான இளைஞருக்கு வேலை கிடைத்தது. நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் உளர். தொழில் வளர்ச்சியைக் குறை கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் நிலத்தைச் சமன் செய்யும்போது வரத்துக்கால் எங்கே ஓடிற்று என்பதை மறந்தால், நட்டம் ஊருக்கும் ஆலைக்கும் சேர்ந்தே வருகின்றது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதையும், அடையாற்றங்கரை பட்ட பாட்டையும் எவரும் மறந்திருக்க முடியாது. தாங்கலும் வாய்க்காலும் மறைந்த நிலத்தில், தங்கிச் செல்ல வேண்டிய நீர் தங்க இடமின்றிப் பாய்கின்றது.

மீனுக்கு வரும் கேடு அத்துணை வெளிப்படையானதன்று. உயர்த்திய சாலையின் குறுக்கே வாய்க்காலுக்குக் குழாய் பதிப்பர். அக்குழாய் வாய்க்காலின் அடிமட்டத்திற்கு ஓரடி மேலே அமைந்துவிட்டால் வெள்ளம் போகும். இரண்டு அங்குல மீன் ஏறிச் செல்லாது. மண் வாய்க்காலின் இருபுறமும் சிமெண்டுச் சுவர் எழுப்பினால் நீர் விரைந்தோடும்; முட்டை ஒட்ட ஒரு வேரும் இராது. ஏரியின் முகம் முழுவதையும் வெங்காயத்தாமரை மூடினால் நீருக்குள் ஒளியும் காற்றும் குறையும். சந்தை மீனுக்காக விடப்படும் திலாப்பியா, 1952-இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்டது. அது விரைந்து பெருகி, சிறு மீன்களின் இடத்தையும் இரையையும் கவர்ந்துகொள்வது.

எல்லாவற்றினும் கொடியது கழிவுநீர். இதில் ஊன்றிக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. கழிவு கலந்த நீரில் பிராணவாயு குறைகின்றது. மீன் நீரில் கரைந்த வாயுவையே நம்பி வாழ்வதால் மடிகின்றது. கொசுப்புழுவோ மேலே வந்து காற்றைக் குடிப்பதால் மடிவதில்லை. அழுகற்பொருள் மிகுந்த நீரில் யானைக்கால் கொசு முன்னிலும் அதிகமாகப் பெருகுகின்றது. அதாவது, வாய்க்காலை அசுத்தப்படுத்தும் செயல் கொசுவின் பகைவனைக் கொன்று கொசுவுக்கு விருந்தும் வைக்கின்றது.

ஆலையையும் புதிய குடியிருப்புகளையும் மாத்திரம் இதில் குற்றஞ்சாட்டுவது முறையாகாது. பட்டுநூலின் பசையை நீக்கச் சோப்பும் சோடா உப்பும் இட்டுக் காய்ச்சிய நீரையும், சாயத் தொட்டியின் மிச்சத்தையும் தெருக்கால்வாயில் விடுவது நம்மிடையேயும் உள்ள வழக்கமே. சாயக் கழிவினால் நொய்யலாறு கெட்டதும், சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் நமக்கு எச்சரிக்கையாகும். விவசாயிகளும் தம் பங்கை உணர வேண்டும். என்டோசல்பான் மருந்தை 2011-இல் உச்சநீதிமன்றம் தடை செய்தது. அதன் பின்னரும் பயன்பாட்டில் உள்ள பூச்சிமருந்துகளுள், பைரித்ராய்டு வகை போன்ற பல மீனுக்கு நஞ்சே. மருந்து அடித்த வயலின் நீரை உடனே வடித்தால், அது போகும் வாய்க்காலெங்கும் மீன் மிதக்கும்.

அயல்நாட்டு மீன் போதாதா?

கொசுவை ஒழிக்கக் கம்பூசியா, கப்பி முதலிய மீன்கள் இருக்க, இதற்கு ஏன் இவ்வளவு கவலை என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. கம்பூசியா வட அமெரிக்க மீன். 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவிற்கு வந்தது. முட்டையிடாமல் குஞ்சே ஈனுவதால் விரைவில் பெருகும். வெளித்தொடர்பற்ற தொட்டியிலும் பாழ் கிணற்றிலும் அதனால் பயனுண்டு. கப்பி மீனும் சற்று அசுத்தமான நீரைத் தாங்கும்.

ஆனால் கம்பூசியா ஏரியில் புகுந்தால் கொசுப்புழுவோடு நிற்பதில்லை. பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும், தவளையின் தலைப்பிரட்டையையும் தின்னும். பிற மீன்களின் துடுப்பைக் கடித்து ஊனப்படுத்தும். உலகில் மிகுந்த கேடு விளைத்த 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலை உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்டபோது, கம்பூசியாவும் அதில் இடம்பெற்றது. வயலில் பூச்சியைத் தின்னும் தவளையையும், ஏரியில் கொசுவைத் தின்னும் முண்டக்கண்ணியையும் இழந்து ஒரு கம்பூசியாவைப் பெறுவது நட்டக் கணக்கேயாகும்.

உள்நாட்டு மீனே இவ்வேலைக்குப் போதும் என்பதற்குக் கோவாவில் நடந்த முயற்சி சான்று. அங்கு 1990-களில் மலேரியா ஆய்வாளர்கள், முண்டக்கண்ணியின் நெருங்கிய உறவாகிய அப்லோகைலஸ் பிளாக்கை என்னும் மீனையும், கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரிய மருந்தையும் சேர்த்துப் பயன்படுத்தி, மலேரியாக் கொசுவைக் கட்டுப்படுத்தினர்.

இம்மீனால் எல்லாம் ஆகும் என்று எண்ணிவிடவும் கூடாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, பழைய டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் மூடாத சிமெண்டுத் தொட்டியிலும் தேங்கும் நீரில் பெருகுவது. அங்கே மீனுக்கு வேலை இல்லை. கவிழ்த்தலும் மூடுதலுமே மருந்து. சாக்கடையிலும் இம்மீன் வாழாது. அடைப்பெடுத்து ஓடவிடுதலே வழி. ஏரி, தாங்கல், வாய்க்கால், வயல், கிணறு ஆகிய நல்ல நீர்நிலைகளே இதன் ஆட்சிக்குட்பட்டவை. அவ்வெல்லைக்குள் இதற்கு நிகரான காவலாளி வேறில்லை, கூலியும் கேட்பதில்லை.

சங்கங்கள் செய்யத்தக்கவை

காஞ்சிபுரத்திற்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையில் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த விதியை அவை கூறுகின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியைக் காப்பது ஊரார் கூடிச் செய்யும் காரியம் என்பது நம் நாட்டில் ஆயிரம் ஆண்டு வழக்கு. கூட்டுறவு என்னும் சொல் பிறக்குமுன்னரே அச்செயல் இங்கே இருந்தது. குடிமராமத்து என்னும் பழைய முறைக்கும் 2017-இல் தமிழக அரசு புத்துயிர் அளித்தது. அவ்வழியில் நம் சங்கங்கள் செய்யக்கூடியவை சில:

முதலாவது, ஏரியில் தூர் எடுக்கும்போது தரை முழுவதையும் ஒரே மட்டமாக வழிக்காமல், மதகுக்கு அருகே ஒரு பகுதியை மற்ற இடத்தினும் ஆழமாக விடுதல். கோடையின் கடைசி நீர் அங்கே நிற்கும். அதுவே அடுத்த ஆண்டிற்கு விதை மீன் வைக்கும் களஞ்சியம். அந்த நீரையும் இயந்திரம் வைத்து இறைத்து மீன் பிடிப்பதைக் குத்தகை நிபந்தனையிலேயே தடுக்க வேண்டும்.

இரண்டாவது, மழைக்கு முன் ஆவணி, புரட்டாசியில் அங்கத்தினர் கூடி வரத்துக்கால் நெடுகிலும் நடந்து பார்த்தல். எங்கே குழாய் உயர்ந்துள்ளது, எங்கே மதில் குறுக்கிட்டுள்ளது, எங்கே குப்பை அடைத்துள்ளது என்பதை எழுதி, நீர்வளத் துறைக்கும் ஊராட்சிக்கும் ஆலை நிர்வாகத்திற்கும் அனுப்புதல். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகின்றது. வாய்மொழிக் குறையைவிட, புல எண்ணோடு கூடிய மனுவுக்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவது, மீன் அற்றுப்போன ஏரிக்கும் கிணற்றுக்கும் அண்டை ஏரியிலிருந்தே மீன் கொணர்தல். இதற்குப் பெரும் செலவில்லை. பழைய வேட்டியை இருவர் பிடித்துக் கரையோரப் புல்லில் வீசினால் மீன் கிடைக்கும். அந்த ஏரி நீரையே நிரப்பிய மண்பானையில் விட்டு, வாயில் ஈரத்துணி கட்ட வேண்டும். இம்மீன் துள்ளிக் குதிப்பதில் வல்லது. வெயிலுக்கு முன் கொண்டு சேர்த்து, புதிய நீரைச் சிறிது சிறிதாகப் பானையில் கலந்து, சற்று நேரம் கழித்து விடுதல் நலம். பிளீச்சிங் பவுடர் இட்ட கிணற்றில் உடனே விடலாகாது. கம்பூசியா இருக்கும் நீர்நிலையிலிருந்து எடுத்தலும் ஆகாது. அதன் குஞ்சும் கூடவே வந்துவிடும்.

நான்காவது, சாயமிடுவோர் கழிவுநீரை வாய்க்காலில் விடாமல், சங்கத்தின் பொறுப்பில் பொதுச் சுத்திகரிப்புக்கு ஏற்பாடு செய்தல். தனி நெசவாளர் ஒருவரால் ஆகாதது பலர் சேர்ந்தால் ஆகும்.

ஐந்தாவது, பூச்சிமருந்து தெளித்த பின் வயல் நீரைச் சில நாட்கள் வரப்புக்குள்ளேயே நிறுத்துதல். வாய்க்கால் கரையில் ஒரு புறத்துப் புல்லையாவது செதுக்காமல் விடுதல்.

முண்டக்கண்ணி இருக்கும் வாய்க்கால் நல்ல வாய்க்கால். அது இல்லாத வாய்க்காலில் ஏதோ கெட்டிருக்கின்றது என்று அறிக. பரிசோதனைச் சாலையும் கருவியும் இன்றி, கரையில் நின்று நோக்கினாலே தெரியும் அளவுகோல் அந்த வெள்ளிப் பொட்டு. வரும் ஐப்பசியில் தத்தம் ஊர் மதகடியில் அப்பொட்டுத் தெரிகின்றதா என்று நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் பார்த்து, தெரியாத ஊர்களின் பெயரைச் சங்கத்தில் பதிவு செய்வாராக. எந்த ஏரியிலிருந்து எந்த ஏரிக்கு மீன் கொண்டு செல்வது என்பதை அதன்மேல் கூடி முடிவு செய்யலாம்.